பின் டிஃபரன்ஷியல் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பினால் பலருடைய சந்தேகமும் முதலில் டிஃபரன்ஷியல் (என்ஜினின் சுழற்சியை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு) மேல்தான் விழுகிறது. ஆனால் டயர், வீல் பேரிங், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் என்று அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாமே ஏறக்குறைய அதே சத்தத்தைப் போடக்கூடியவை. அவசரப்பட்டு டிஃபரன்ஷியலைப் பிரித்துவிட்டால், ஒன்றோடொன்று பழகி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பற்களின் அமைப்பு கலைந்து, இல்லாத சத்தமும் புதிதாக வந்து சேரலாம். ஸ்பானரை எடுப்பதற்கு முன் நல்ல சாலையில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு ஓட்டிப் பார்ப்பதுதான் முக்கால்வாசி வேலை. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதியிருக்கிறேன்.

டிஃபரன்ஷியலுக்குள் சத்தம் போடக்கூடியவை எவை?

என்ஜினின் சுழற்சி, காரின் அடியில் ஓடும் நீளத் தண்டான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பினியனுக்கு வருகிறது. பினியன் சிறிய கியர். அது கிரவுன் வீல் என்ற பெரிய கியரைச் சுழற்றுகிறது. கிரவுன் வீல் ஒரு கூட்டின் மேல் போல்ட் செய்யப்பட்டிருக்கும். அதைப் பலர் கேஜ் என்பார்கள். அந்தக் கூட்டுக்குள் ஸ்டார் பினியன்களும் சைடு கியர்களும் இருக்கின்றன. திருப்பத்தில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழல வழி செய்பவை இவைதான்.

பினியனை இரண்டு டேப்பர் பேரிங்குகள் தாங்குகின்றன. கேஜை இரு பக்கமும் ஒவ்வொரு பேரிங் தாங்குகிறது. ஆக, சத்தம் வரும் இடங்கள் நான்குதான்: கிரவுன்-பினியன் பற்கள், பினியன் பேரிங்குகள், கேஜ் பேரிங்குகள், உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன் கூட்டம். ஒவ்வொன்றும் வேறு வேகத்தில், வேறு சுமையில் வேலை செய்கிறது. அதனால் சத்தம் வரும் நேரத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம்.

என் காரில் பின் டிஃபரன்ஷியல் இருக்கிறதா?

முன்சக்கர இயக்கக் கார் என்றால் கிடையாது. அதில் டிஃபரன்ஷியல் கியர்பாக்ஸோடு சேர்ந்து முன்னால் இருக்கும். அப்படிப்பட்ட காரில் பின்பக்கம் உறுமினால் நேராக டயரையும் வீல் பேரிங்கையும் பாருங்கள். முன்னால் என்ஜின் இருக்கும் பின்சக்கர இயக்கக் கார்களிலும், நான்கு சக்கர இயக்கக் கார்களிலும் பின் டிஃபரன்ஷியல் உண்டு.

எந்தச் சத்தம் எதைக் காட்டுகிறது?

சத்தத்தின் தன்மையைச் சொற்களில் பிடிப்பது கடினம். ஒருவருக்கு ஊளையாகக் கேட்பது இன்னொருவருக்கு ரீங்காரம். அதனால் ‘எப்படிக் கேட்கிறது’ என்பதோடு ‘எப்போது கேட்கிறது’ என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

‘ஊஊ’ என்று ஒரே சுருதியில் ஊளையிடுவது பற்களின் சத்தம். இது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தொடங்கி இன்னொரு வேகத்தில் அடங்கிவிடும். முக்கியமாக, ஆக்சிலரேட்டரை மிதிப்பதற்கும் விடுவதற்கும் ஏற்ப மாறும். இழுக்கும்போது மட்டும் கத்தலாம், விட்டால் மட்டும் கத்தலாம், இரண்டிலும் வேறு வேறு சுருதியில் கத்தலாம்.

கரகரவென்ற உறுமல் பேரிங்கின் சத்தம். வேகம் கூடக் கூட இதுவும் கூடும். ஆக்சிலரேட்டரை விட்டாலும் முழுதாகப் போய்விடாது. பினியன் பேரிங் சக்கரத்தைவிடச் சுமார் 4 மடங்கு வேகமாகச் சுழல்வதால் அதன் சத்தம் மெல்லியதாக, விர்ரென்று இருக்கும். கேஜ் பேரிங் சக்கரத்தின் வேகத்திலேயே சுழல்கிறது. அதன் சத்தம் கனமான, தாழ்ந்த குமுறல்.

‘டக்… டக்… டக்’ என்று தாளம் தவறாமல் வருவது உடைந்த அல்லது அடிபட்ட பல்லின் அடையாளம். ‘டொக்’ என்று ஒரே ஒரு முறை, கிளம்பும்போதோ கியர் மாற்றும்போதோ வருவது எங்கோ தளர்ச்சி இருப்பதைச் சொல்கிறது. திரும்பும்போது மட்டும் வரும் நறநறப்பு ஸ்டார் பினியன் பக்கத்துக் கதை.

ஓட்டிப் பார்க்கும் சோதனையை எப்படிச் செய்வது?

முதலில் டயர்களில் காற்றைச் சரியாக நிரப்பிக்கொள்ளுங்கள். டிஃபரன்ஷியல் ஆயில் சூடாக வேண்டும், அதனால் 20 நிமிடமாவது ஓட்டிவிட்டுப் பிறகு தொடங்குங்கள். ரேடியோ, ஏசி விசிறி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். காலியான, மட்டமான, நேரான சாலை வேண்டும். முடிந்தால் பின் சீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து கேட்கட்டும். ஓட்டுகிறவர் கவனம் சாலையில் இருக்க வேண்டும்.

இனி ஒரே வேகத்தை நான்கு விதமாகக் கடந்து பார்க்க வேண்டும். சத்தம் வரும் வேகம் 70 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், மிதித்து வேகமெடுத்தபடி 70-ஐக் கடங்கள். இப்போது பினியன் கிரவுன் வீலைத் தள்ளுகிறது. பற்களின் ஒரு பக்கம் சுமை தாங்குகிறது. இரண்டாவது, 70-லேயே நிலையாக, வேகம் கூடாமல் குறையாமல் பிடித்துப் போங்கள். மூன்றாவது, 85-லிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே விட்டு, 70-க்கு இறங்குங்கள். இப்போது சக்கரம் என்ஜினைச் சுழற்றுகிறது. பற்களின் மறுபக்கம் சுமை தாங்குகிறது. நான்காவது, இழுக்கவும் விடாமல் தள்ளவும் விடாமல், ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டபடி பற்கள் சும்மா மிதக்கும் நிலையில் ஓட்டுங்கள்.

இதில் கிடைக்கும் பதிலை இப்படிப் படிக்கலாம். இழுக்கும்போது மட்டும் ஊளை என்றால் பற்களின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கலாம், அல்லது பினியன் இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லை. காலை எடுத்ததும் சத்தம் வந்தால் பினியன் நட்டையும் பினியனின் முன் பேரிங்கையும் சந்தேகப்படுங்கள். காரணம் எளிது: இழுக்கும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு விலகும் திசையில் தள்ளப்படுகிறது, அந்தச் சுமை கிரவுன் வீலை ஒட்டிய உள் பேரிங் மேல் விழும். காலை எடுத்தால் பினியன் உள்ளே இழுக்கப்படுகிறது, சுமை முன் பேரிங்குக்கு மாறும். அங்கே தளர்ச்சி இருந்தால் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். நான்கு நிலையிலும் ஒரே மாதிரி உறுமினால் பற்களை விட்டுவிட்டு ஏதாவது ஒரு பேரிங்கைத் தேடுங்கள். அது டிஃபரன்ஷியலுக்கு வெளியே உள்ள வீல் பேரிங்காகவும் இருக்கலாம்.

அப்புறம் ஒரு சோதனை. நேரான காலிச் சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிச் சிறிது தூரம் உருள விடுங்கள். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடும் காரில் என்ஜினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நியூட்ரலில் சத்தம் அப்படியே தொடர்ந்தால் என்ஜின், கிளட்ச், சைலன்சர் எல்லாம் பட்டியலிலிருந்து போயிற்று. சட்டென்று அடங்கினால் சுமையைச் சார்ந்த சத்தம், அதாவது பற்களாக இருக்கலாம்; என்ஜின் பக்கத்துச் சத்தமாகவும் இருக்கலாம்.

டயர் சத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாலை மாறும்போது கேளுங்கள். கான்கிரீட்டிலிருந்து வழவழப்பான தாருக்குப் போனதும் சத்தம் குறைந்தாலோ மாறினாலோ அது டயர். டிஃபரன்ஷியலுக்குச் சாலை எதுவென்று தெரியாது.

கையாலும் பார்க்கலாம். வண்டி நிற்கும்போது டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் மாதிரி முட்டினால் பட்டைகள் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கின்றன. அந்தத் தேய்மானம் போடும் உறுமல் பேரிங் சத்தத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு ஒத்திருக்கும். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் விஷயம் முடிந்தது. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் யாரும் டிஃபரன்ஷியலைக் கழற்ற ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வீல் பேரிங்கா, டிஃபரன்ஷியலா?

காலியான சாலையில் 50, 60 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் ஆட்டுங்கள். வலப்பக்கம் வளைத்தால் வண்டியின் பாரம் இடப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் இடப்பக்க வீல் பேரிங் மீது சந்தேகம். எதிர்த்திசையில் வளைத்தால் குறைய வேண்டும். டிஃபரன்ஷியல் பேரிங்குகளின் சத்தம் இந்த ஆட்டத்துக்குப் பெரிதாக மாறாது.

ஓட்டி முடித்ததும் இரண்டு பின் சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், உடனே தொட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சூடாக இருந்தால் பேரிங் அல்லது பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்.

கியர்பாக்ஸ் சத்தத்தை எப்படிப் பிரிப்பது?

ஒரே சாலை வேகத்தை வெவ்வேறு கியர்களில் ஓட்டுங்கள். 50 கி.மீ. வேகத்தை 3, 4, 5 என்று மூன்று கியரிலும் பிடியுங்கள். சத்தத்தின் சுருதி மூன்றிலும் ஒன்றாகவே இருந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் வருவது. கியருக்குக் கியர் மாறினால் என்ஜின் அல்லது கியர்பாக்ஸ். 5 கியர் உள்ள பின்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் 4-வது கியர் நேரடி கியர். அதில் சுழற்சி பக்கத்து ஷாஃப்டின் பற்கள் வழியாகப் போகாமல் நேராக வெளியேறும். மற்ற கியர்களில் கேட்ட ஊளை 4-ல் மட்டும் அடங்கினால் கியர்பாக்ஸைப் பாருங்கள்.

ஃபோனில் உள்ள ஒலி அலைவரிசை ஆப் உதவுமா?

உதவும், கொஞ்சம் கணக்குப் போட்டால் ரொம்பவே உதவும். ஒரு காரின் கிரவுன் வீலில் 41 பல், பினியனில் 10 பல் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 4.1. டயரின் சுற்றளவு 2 மீட்டர். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1000 மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று, நொடிக்கு 8.3 சுற்று. அதை 41-ஆல் பெருக்கினால் நொடிக்குச் சுமார் 342 பல் மோதல்கள். கிரவுன்-பினியன் ஊளையிட்டால் 60 கி.மீ. வேகத்தில் 342 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூரான முனை திரையில் நிற்கும். 80-க்கு ஏறினால் அது 456-க்கு நகரும்.

அதே 60 கி.மீ. வேகத்தில் பினியனும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் நொடிக்கு 34 சுற்று. ஷாஃப்ட் சமநிலை தவறினால் அதிர்வு 34 ஹெர்ட்ஸில் வரும். ஷாஃப்டின் முனையில் உள்ள கிராஸ் ஜாயின்ட்டின் கோணக் கோளாறு அதன் இரு மடங்கில், 68-ல் வரும். டயரின் இரைச்சலோ இப்படி ஒற்றை முனையாக நிற்காது, 1000 ஹெர்ட்ஸை ஒட்டி அகலமாகப் பரந்து கிடக்கும். உங்கள் காரின் பல் எண்ணிக்கையும் டயர் சுற்றளவும் தெரிந்தால் இந்தக் கணக்கை அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஆப்பை இயக்குவது பக்கத்தில் இருப்பவரின் வேலை.

மெதுவாகப் போகும்போது ‘டக் டக்’ என்கிறது. எந்தப் பல் உடைந்தது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மட்டமான இடத்தில், நடக்கும் வேகத்துக்கும் குறைவாக ஒருவர் காரை நகர்த்த, இன்னொருவர் பாதுகாப்பான தூரத்தில் பக்கவாட்டில் நடந்தபடி கேட்கட்டும். கோடு ஒரு சுற்று வருவதற்குள் ஒரு ‘டக்’ என்றால் கிரவுன் வீல். நான்கு என்றால் பினியன் அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். ஆனால் டயரில் மாட்டிய கல்லும் ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ போடும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது ‘டொக்’ என்கிறது. டிஃபரன்ஷியல் போய்விட்டதா?

அவசியமில்லை. கிராஸ் ஜாயின்ட், ஷாஃப்டின் ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் பல்வரி), ஆக்சில் ஸ்ப்லைன், சைடு கியர் வாஷர், பற்களின் இடைவெளி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தாலே ‘டொக்’ வரும்.

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது), என்ஜின் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருகிப் பாருங்கள். கிராஸ் ஜாயின்ட்டின் இரு பக்கமும் சேர்ந்தே அசைய வேண்டும். ஒன்று அசைந்து மற்றது பின்னால் வந்தால் ஜாயின்ட் போய்விட்டது. ஜாயின்ட்டின் தொப்பி ஓரத்தில் துருப்பொடி தெரிந்தாலும் அதே முடிவுதான்.

அடுத்து பினியன் ஃபிளாஞ்சை, அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து பினியனோடு சேரும் தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுழற்சியில் லேசான ஆட்டம் இருக்கலாம், அது பற்களுக்கு வேண்டிய இடைவெளி. ஆனால் முன்னும் பின்னும் இழுத்தாலோ, மேலும் கீழும் தூக்கினாலோ துளியும் அசையக் கூடாது. அசைந்தால் பினியன் பேரிங் தேய்ந்துவிட்டது அல்லது நட்டு தளர்ந்துவிட்டது. இந்த ஒரு சோதனையில் பினியன் பக்கத்துப் பல விஷயங்கள் தெரிந்துவிடும்.

திரும்பும்போது மட்டும் சத்தம் வருகிறதே?

நேராக ஓடும்போது ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் சுழல்வதே இல்லை, கேஜோடு சேர்ந்து போகின்றன. திருப்பத்தில்தான் அவற்றுக்கு வேலை. அதனால் திருப்பத்தில் மட்டும் நறநறத்தால் ஸ்டார் பினியன், அதன் அச்சுக்கம்பி, வாஷர்கள் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம்.

உங்கள் காரில் இருப்பது கிளட்ச் தகடுகள் உள்ள லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் கதை வேறு. திருப்பத்தில் அது விட்டு விட்டு நடுங்கினால், பெரும்பாலும் தகடுகளுக்கு வேண்டிய உராய்வுச் சேர்மம் ஆயிலில் இல்லை. அண்மையில் ஆயில் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். சரியான ஆயிலைப் போட்டு, திறந்த வெளியில் மெதுவாக எட்டு வடிவத்தில் பல சுற்று ஓட்டினால் பல நேரம் சரியாகிவிடும். தகடே தேய்ந்திருந்தால் போகாது.

இன்னொன்று: இடதும் வலதும் அளவு வேறுபட்ட டயர்கள் போட்டிருந்தால் நேர்ச் சாலையிலும் ஸ்டார் பினியன்கள் ஓயாமல் சுழலும். ஸ்பேர் சக்கரம் அளவில் சின்னது என்றால் அதில் நீண்ட தூரம் ஓட்டாதீர்கள்.

ஆயிலைப் பார்த்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. முதலில் ஒரு எச்சரிக்கை: டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே உள்ள ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். ஆயிலை வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருப்பிடித்து அசையவில்லை என்றால் கார் அங்கேயே நின்றுவிடும்.

மட்டமான தரையில், ஃபில்லர் ஓட்டையின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலான கார்களில் கணக்கு. விரலை விட்டால் எட்டவே இல்லை என்றால் எங்கே கசிகிறது என்று தேடுங்கள். பினியன் சீல், ஆக்சில் சீல், கவர் ஓரம் இவைதான் வழக்கமான இடங்கள். மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை அடைத்துக்கொண்டாலும் சூட்டில் அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் கசிய வைக்கும்.

வண்டியை ஓட்டிச் சூடாக்கிய பிறகு வடியுங்கள். பிளக்கின் காந்தத்தில் கண்மை போல விரலில் பூசிக்கொள்ளும் சாம்பல் நிறப் பசை இருக்கும். அது இயல்பான தேய்மானம், பயப்பட வேண்டாம். அந்தப் பசையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். வழவழவென்று போனால் சரி. நறநறத்தாலோ, வெளிச்சத்தில் ஊசி ஊசியாக மின்னினாலோ பேரிங் உரிகிறது. மெல்லிய செதில்கள் பேரிங்கிலிருந்து வருபவை, தடித்த, கூர்முனை கொண்ட துண்டு பல்லிலிருந்து வருவது. துண்டு கிடைத்துவிட்டால் ஓட்டிப் பார்க்கும் சோதனையெல்லாம் இனி வேண்டாம், திறந்தாக வேண்டும்.

ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இது நடக்கும். சூடாக இருந்த ஹவுசிங் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கந்தக நாற்றம் மட்டும் அடித்தால் கவலை இல்லை, கியர் ஆயிலின் இயல்பான வாசனையே அதுதான்.

எந்த ஆயில்? தடித்த ஆயில் போட்டால் சத்தம் நிற்குமா?

கார் கையேட்டில் சொன்னதுதான். கார்களின் பின் டிஃபரன்ஷியல்களில் ஹைப்பாய்டு வகைப் பற்களே அதிகம். இதில் பினியன் கிரவுன் வீலின் மையத்துக்குக் கீழே இறங்கி நிற்கும். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, காரின் தரையும் தாழ முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்யும். அந்தச் சறுக்கலின் அழுத்தத்தைத் தாங்கத்தான் ஜிஎல்-5 தர ஆயில். பிசுபிசுப்பு பல கார்களில் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90. கியர்பாக்ஸுக்கு வாங்கிய ஜிஎல்-4 ஆயில் மிச்சம் இருக்கிறது என்று இதில் ஊற்றாதீர்கள்.

தடித்த ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கும், தேய்ந்ததைத் திரும்பக் கொண்டுவராது. பழைய கார் வாங்கப் போனால் இதை நினைவில் வையுங்கள்: ஓட்டிப் பார்க்கும்போது ஆயில் நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். குளிர்ந்த, தடித்த ஆயிலில் ஒளிந்திருந்த சத்தம் அப்போதுதான் தலை காட்டும்.

பினியன் ஆயில் சீல் மாற்றியதிலிருந்து ஊளையிடுகிறது. ஏன்?

இது நிறைய நடக்கிறது, காரணமும் தெளிவானது. பல டிஃபரன்ஷியல்களில் இரண்டு பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் தன்மையுள்ள ஒரு உருளை இருக்கும். அதைக் கிரஷ் ஸ்லீவ் என்பார்கள். நட்டை இறுக்கும்போது அது நசுங்கி, பேரிங்குகள் மேல் சரியான முன்சுமை, அதாவது ஆட்டம் இல்லாமல் வைக்கும் லேசான இறுக்கம் அமையும். ஒரு முறை நசுங்கியது திரும்ப நீளாது.

சீலை மாற்ற அந்த நட்டைக் கழற்ற வேண்டும். திரும்பப் போடும்போது இம்பாக்ட் கன்னால் ‘டர்ர்’ என்று இறுக்கினால் ஸ்லீவ் அளவுக்கு மேல் நசுங்கும். பேரிங்குகள் இறுகிச் சூடாகி ஊளையிடும். தளர்வாக விட்டாலும் பினியன் முன்பின் ஆடிப் பற்களைக் கெடுக்கும். நட்டைக் கழற்றும் முன் நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேரில் குறி போட்டு, வெளியே தெரியும் மரைகளை எண்ணி, பினியன் சுழலத் தேவைப்படும் திருகுவிசையையும் அளந்து வைக்க வேண்டும். பிறகு கையால், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த விசை மிகச் சிறியது. புதிய பேரிங்குகளில் பல மாடல்களுக்கு 2, 3 நியூட்டன் மீட்டர் அளவுதான், பழைய பேரிங்குக்கு அதைவிடக் குறைவு. கை உணர்வை நம்பிச் செய்யும் வேலை இல்லை. அளவு தாண்டிவிட்டால் நட்டைப் பின்னால் திருப்பிச் சமாளிக்கக் கூடாது, புது ஸ்லீவ் போட வேண்டும்.

லிஃப்டில் தூக்கி ஓட விட்டுக் கேட்கலாமா?

ஒர்க்ஷாப்பில், தெரிந்தவர் செய்தால் பயன் உண்டு. ஸ்டெதஸ்கோப்பைப் பினியன் பேரிங் இடத்திலும் கேஜ் பேரிங் இடத்திலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டால் எது அதிகம் கரகரக்கிறது என்று தெரியும். சுழலும் எதற்கும் அருகில் சட்டை, கை போகக் கூடாது. ஒரு சக்கரம் நின்றுவிட்டால் மற்றது ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப்போல இரு மடங்கு வேகத்தில் சுழலும், ஆகவே வேகம் குறைவாகவே இருக்கட்டும். நான்கு சக்கர இயக்கக் காரில் பின் அச்சை மட்டும் தூக்கிக் கியரில் போடவே கூடாது, தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியைத் தள்ளிவிடும்.

சுமை இல்லாமல் சுழலும்போது பற்களின் ஊளை வராமல் போகலாம். லிஃப்டில் சத்தம் இல்லை என்பதால் டிஃபரன்ஷியல் நல்லது என்று தீர்மானிக்க முடியாது.

தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள காரில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

ரப்பர் புஷ்களை. இந்தக் கார்களில் டிஃபரன்ஷியல் ரப்பர் புஷ்கள் மூலம் சப்ஃபிரேம் என்ற கீழ்ச் சட்டகத்தில் தொங்குகிறது. ரப்பர் கிழிந்தால், எப்போதும் இருந்த சின்ன ரீங்காரம் நேராக பாடிக்கு ஏறி உள்ளே பெரிதாகக் கேட்கும், கிளம்பும்போது ‘டொக்’கும் வரும். உள்ளே கோளாறு எதுவும் இருக்காது.

திறந்தால் மெக்கானிக் எதை அளக்க வேண்டும்?

கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பேக்லாஷை, அதாவது பற்களின் இடைவெளியை, டயல் கேஜ் என்ற அளவுகருவி வைத்துப் பார்க்க வேண்டும். பல கார்களில் அது 0.13 முதல் 0.20 மி.மீ. வரை. சரியான எண் அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். சுற்றி நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் பெரிதாக மாறினால் கிரவுன் வீல் கோணலாக ஓடுகிறது.

அப்புறம் பற்களில் குறியீட்டுப் பசை தடவி, சுழற்றி, தொடும் இடத்தைப் பார்க்க வேண்டும். அடையாளம் பல்லின் உயரத்தில் நடுவாக அமைய வேண்டும். நுனியை ஒட்டி விழுந்தால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியை ஒட்டி விழுந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது. பினியன் ஆழத்தை ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டை மாற்றிச் சரி செய்ய வேண்டும். பிரிக்கும் முன்பே இந்த இரண்டையும் எடுத்து, படமும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பிரித்துப் போட்ட பிறகு பழைய நிலை என்னவென்று தெரிய வேறு வழி இல்லை.

பேரிங் மட்டும் மாற்றினால் போதுமா? பினியனை மட்டும் மாற்றலாமா?

பற்கள் நன்றாக இருந்தால் பேரிங் மட்டும் மாற்றலாம், ஷிம் அளவுகளை மறுபடி பார்த்தாக வேண்டும். பினியனை மட்டும் மாற்றவே கூடாது. கிரவுனும் பினியனும் ஜோடியாக இழைக்கப்பட்டு, ஜோடியாகவே விற்கப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்றினால் கட்டாயம் ஊளையிடும்.

இந்தச் சத்தத்தோடு ஓட்டலாமா?

மெல்லிய ஊளை, மாதக்கணக்காக மாறாமல் இருக்கிறது, ஆயில் சுத்தம், ஃபிளாஞ்சில் ஆட்டம் இல்லை என்றால் கவனித்தபடி ஓட்டலாம். உறுமல் வாரத்துக்கு வாரம் வளர்ந்தாலோ, ஆயிலில் துண்டு கிடைத்தாலோ, ‘டக் டக்’ தொடங்கினாலோ ஓட்டாதீர்கள். பினியன் பேரிங் சிக்கிக்கொண்டால் பின் சக்கரங்கள் ஓடும்போதே பூட்டிக்கொள்ளும். அதிவேகத்தில் அது உயிருக்கே ஆபத்து. இழுவை வண்டியை அழையுங்கள்.

புதிய கிரவுன்-பினியன் போட்ட பிறகு எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் 15, 20 நிமிடம் சாதாரணமாக, பாரம் இல்லாமல் ஓட்டி, முழுதாகக் குளிர விடுங்கள். இதை ஓரிரு முறை செய்யுங்கள். புதிய பற்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது அதிகமாகச் சூடாகும், அந்தச் சூடுதான் அவற்றை ஆரம்பத்திலேயே கெடுப்பது. முதல் 800 கி.மீ. வரை டிரெய்லர் இழுப்பதையும், மிதித்துப் பறப்பதையும் தவிருங்கள். அதன் பிறகு ஆயிலை மாற்றி, காந்தத்தைத் துடைத்துப் போடுங்கள். இந்த முதல் ஆயிலில் பசை வழக்கத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். செதிலோ துண்டோ இருந்தால் மட்டும் வேலை செய்தவரிடம் உடனே திரும்பிப் போங்கள்.